ஹப் வழியாக வந்த பாங்கு

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் கடை ஹெட்செட்டுகளில் அத்தர் மணக்கும்.

மதிய ஜும்ஆத் தொழுகைக்குப் பூசிய அத்தர் பொடியன்களின் காதோரத்திலிருந்து ஸ்பொஞ்சுக்கு ஏறிவிடும். அடுத்து வருகிற பெண் அதையே காதில் மாட்டிக்கொண்டு கட்டாரில் இருக்கும் கணவருடன் கதைப்பார்...

கல்முனையில் நான் நெட் கஃபே நடத்திய காலம். ஏழு கம்ப்யூட்டர், ஏழையும் இணைக்க ஒரு ஹப். ஹப் வாங்கப் போன கடையில் அதே வேலைக்கு சுவிட்ச் என்றொரு பெட்டியும் இருந்தது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். அதே ஓட்டைகள், அதே மினுங்கும் லைட்டுகள். பிறகு எதற்குக் கூடக் காசு என்று ஹப்பைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கெட்டித்தனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

ஹப்புக்கு ஆள் தெரியாது. ஒரு கம்ப்யூட்டருக்கு வருவதை எல்லாவற்றுக்கும் அனுப்பிவிடும். உரியது எடுத்துக்கொள்ளும், மற்றவை தள்ளிவிடும். அதைவிடப் பெரிய கரைச்சல், ஒரு நேரத்தில் ஒன்றுதான் அனுப்ப முடியும். இரண்டு சேர்ந்து அனுப்பினால் மோதி இரண்டுமே வீண். அப்போது ஹப்பில் ஒரு செம்மஞ்சள் லைட் பற்றும்.

பொடியன்கள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் படம் கொப்பி பண்ணுவார்கள், சேர்ந்து கேம் விளையாடுவார்கள். செம்மஞ்சள் லைட் அணையவே அணையாது. அந்த நெரிசலுக்குள் பெண்களின் குரல் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கும். அவர்களும் என்ன செய்வது? வளைகுடாவில் லீவு வெள்ளிக்கிழமைதானே.

அப்படியொரு வெள்ளிக்கிழமைதான் ஜெஸீமா ராத்தா வந்தார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அக்கா மாதிரி. பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்து முதல் தடவையாக வெளியே இறங்கியிருந்தார், கையில் பிள்ளை. பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்தாவின் வாப்பா, எங்கள் வழக்கப்படி, பேரனின் காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்லிவிட்டார். ஆனாலும் கட்டாரில் இருந்த அவர் கணவர் றியாஸ் மச்சானுக்கு மனம் ஆறவில்லை. தலைப்பிள்ளை. தன் குரலிலும் ஒருமுறை பிள்ளை பாங்கு கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ராத்தா ஹெட்செட்டைப் பிள்ளையின் வலது காதில் பிடித்தார். மச்சான் தொடங்கினார். பாதியில் முறிந்தது. திரும்பத் தொடங்கினார். திரும்பவும் முறிந்தது. ராத்தா என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"தம்பி, முழுசா ஒருக்காக் கேட்டாப் போதும்."

நான் எழும்பி எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரத்துக்குக் கையை எடுங்கள் என்று கேட்டேன். வெல்லப்போகிற கேமைப் பொடியன்கள் நிறுத்தினார்கள். கொப்பி பண்ணியதும் நின்றது. அடுத்த கதிரையில் ஒரு பெண் சவூதிக்குக் கதைத்துக்கொண்டிருந்தார். கிழமைக்கு ஒருமுறை கிடைக்கிற நேரம் அது. அவரும் கணவரிடம் ஏதோ சொல்லி லைனை வெட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

செம்மஞ்சள் லைட் அணைந்தது.

மச்சான் பாங்கு சொன்னார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. ராத்தாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் இருமல் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். ஹப்பின் கணக்குப்படி அந்தப் பாங்கு ஏழு கம்ப்யூட்டருக்கும் வந்துதான் போனது. முடிந்ததும் ராத்தா தலையாட்டினார். பொடியன்கள் உடனே கேமுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அடுத்த கிழமையே சுவிட்ச் வாங்கினேன். எந்த ஓட்டையில் எந்தக் கம்ப்யூட்டர் என்று அது படித்து வைத்துக்கொண்டு, உரியதை உரிய இடத்துக்கு மட்டும் கொடுக்கும். இரண்டு பேர் படம் கொப்பி பண்ணினால் மூன்றாவது ஆளுக்கு அது தெரியவே தெரியாது. இன்டர்நெட் லைன் அதே பழைய லைன்தான். ஆனாலும் குரல் முறிவது நின்றது. யாரிடமும் கையை எடுக்கச் சொல்லும் வேலையும் நின்றது.

இப்போது கடைகளுக்கும் ஒபிஸ்களுக்கும் நெட்வேர்க் பூட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று போகிற இடமெல்லாம் சுவிட்ச்தான். ஹப்பை யாராவது திரும்பக் கொண்டுவந்தால் நானே பிடுங்கி எறிவேன். கட்டாரில் இருக்கிறவர் இன்று பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வீடியோவில் வந்துவிடுகிறார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் அவர்பாட்டில் வேறு வீடியோ பார்க்கலாம். யாருக்கும் யாராலும் இடைஞ்சல் இல்லை... நல்லதுதான்.

என்றாலும் றியாஸ் மச்சான் லீவில் வந்தபோது சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. நடக்கத் தொடங்கியிருந்த மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தவர், அன்றைய பாங்கைப் பற்றிக் கதையெடுத்தார்.

"அண்டைக்கு அங்கால ஒரு சத்தமுமில்ல தம்பி. லைன் செத்துப்போச்செண்டுதான் நினைச்சன். ஆருமில்லாத கடைக்குச் சொல்ற மாதிரி இருந்திச்சு... எண்டாலும் நிப்பாட்டாம முடிச்சன்."

"கடை நிறையச் சனம் மச்சான்," என்றேன். "உங்களுக்காகத்தான் எல்லாரும் சும்மா இருந்தாங்க."