சாமித்தட்டில் இருந்த கடிதம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மே மாதக் கடைசி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய ஸ்காபரோ நகரின் டோர்செட் பார்க்கில் எங்கள் அப்பார்ட்மென்ட். அன்று வீட்டில் நாங்கள் நான்கு பேர்: நான், என் கணவர், கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த என் தம்பி, ஆறுதல் சொல்ல வந்திருந்த கீழ்மாடி அன்ரி. யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மா இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

தம்பி மாணவர் விசாவில் வந்தவன். அகதியாக வந்த நானும் கணவரும் ஃபக்டரியில் வேலை செய்து அவனுடைய ஃபீஸைக் கட்டினோம். படிப்பு முடிந்து அறுபது நாளுக்குள், இங்கே வேலை செய்ய அவன் அனுமதி கேட்கலாம். அதற்குப் படிப்பு முடிந்ததென்று கல்லூரி தரும் கடிதமும், வேலை தருவதாகக் கம்பனி தரும் கடிதமும் வேண்டும். கல்லூரிக் கடிதம் ஏப்ரல் கடைசியிலேயே வந்துவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று விண்ணப்பப் படிவத்தோடு சேர்த்துச் சாமித்தட்டில் படத்துக்குப் பின்னால் வைத்தவள் நான்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஆங்கிலக் கடிதம் என்றாலே பயம்.

மிசிசாகாவில் ஒரு கம்பனி அவனை எடுப்பதாக எழுதிய கடிதம், அம்மாவின் செய்தி வந்த அதே கிழமையில், அன்றைக்குத்தான் வந்தது. தம்பி சாமித்தட்டுப் பக்கம் போனான். நான் மறித்தேன். துடக்கு வீட்டில், சாவுத் தீட்டுக் கழியும்வரை, முப்பத்தொரு நாளைக்குச் சாமித்தட்டைத் தொடுவதில்லை, நல்ல காரியம் ஒன்றும் தொடங்குவதில்லை. மீறித் தொடங்கினால் விண்ணப்பத்தை மறுத்துவிடுவார்கள், பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன்.

"அக்கா, இதென்ன கலியாணமே? ஒரு ஃபோம்தானே," என்றான்.

அன்ரியாவது என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். "பிள்ளை, என்ரை மனுசன் செத்த நாலாம் நாள் நான் ஷிஃப்டுக்குப் போனனான். ஃபக்டரிக்காரன் துடக்குப் பாக்கிறவனே? கடுதாசியை எடுத்துக் குடு," என்றார்.

நான் அழத் தொடங்கினேன். அம்மாவின் செத்தவீட்டுக்குத்தான் போக முடியவில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்ய விடுங்கள் என்றேன். தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். பட்டமளிப்பு விழா ஜூன் கடைசியில்தானே, அதிலிருந்துதான் நாள் எண்ணுவார்களாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகும் ஒருமுறை கேட்டான். முப்பத்தொன்று முடியட்டும் என்றேன்.

முடிந்தது. வீடு கழுவி, விளக்கேற்றி, கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். படிவத்தோடு வந்திருந்த விளக்கத் தாளை இரண்டு முறை படித்தான். பிறகு சுவர்க் கலண்டரில் விரலை வைத்து எண்ணினான். விழாவிலிருந்து அல்ல, கல்லூரிக் கடிதத்தின் திகதியிலிருந்தே நாள் கணக்காம். ஆறு நாள் பிந்தியிருந்தது.

அம்மா இறந்ததையும் எழுதி அனுப்பிப் பார்த்தோம். மறுப்புத்தான் வந்தது. கம்பனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. எங்களைப் போல அகதி விண்ணப்பம் கொடு என்று கணவர் கெஞ்சினார். படிக்க வந்தவன் படித்த வழியில் நிற்க முடியாவிட்டால் போவதுதான் என்று அவன் மறுத்துவிட்டான். அந்த வருடப் பனி தொடங்குமுன் கொழும்புக்குப் போனான். அம்மாவும் இல்லாத நாட்டுக்கு. அங்கே அந்தச் சண்டைக் காலத்தில் தமிழ்ப் பெடியனுக்கு ஒரு அறை வாடகைக்கு எடுப்பதே பெரும்பாடு. இரண்டு முறை பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டது. தொலைபேசி அடித்தால் கணவரைத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஒருநாள் தொலைபேசியில் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். "அம்மாட்டைக் கேட்டிருந்தா, போய்க் குடுத்திட்டு வாடா எண்டுதான், அக்கா, அவ சொல்லியிருப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னான். அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பா.

பயப்படுகிற ஆள் கவனமான ஆள் என்றுதான் அதுவரை என்னைப் பற்றி நினைத்திருந்தேன். பயம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, அந்த நினைப்பு மட்டும் போய்விட்டது.