நீலப் படகுக்குப் பக்கத்துப் படகு

கூட்டின் கதவு 'டக்' என்று விழுந்த சத்தம் கேட்டதும் நானும் அக்காவும் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் போலத் துள்ளினோம். கோடை முழுக்க எங்களுக்குத் தண்ணி காட்டிய சாம்பல் பூனை கடைசியில் உள்ளே!

இது நடந்தது இல்-பிசார் தீவின் ஆற்றங்கரையில், குளிர்காலத்துக்காகக் கரையேற்றிச் சீலையால் மூடிவைத்திருந்த படகுகளுக்கு நடுவில். அந்தக் கரையில் திரிந்த பூனைகளில் கருத்தடை செய்யாமல் எஞ்சியிருந்தது இது ஒன்றுதான். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து, சத்திரசிகிச்சை செய்வித்து, அடையாளத்துக்கு இடது காதின் நுனியை வெட்டுவித்து, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டிருந்தோம். இதையும் ஒன்பது மணிக்குள் சென்ட் லோரன்டில் மிருக வைத்தியரிடம் ஒப்படைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அக்கா மட்டக்களப்பைச் சேர்ந்தவர். கோயிலில் பழக்கம். பின்னேரம் மருந்துத் தொழிற்சாலையில் வேலை, காலையில் பூனைகள். "கார் வச்சிருக்கிற, விடிய வேலைக்குப் போகாத ஆள் ஒண்டு வேணும் புள்ள," என்று ஒரு ஞாயிறு பூசை முடிந்து என்னிடம் கேட்டார். பிரசவ விடுப்பில் இருந்த எனக்கு இல்லை என்று சொல்ல வரவில்லை. ஓம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, பூனையால் குழந்தைக்கு என்னென்ன நோய் வரும் என்று தேடித் தேடி வாசித்தேன்.

நான் அப்படித்தான். மகள் இரண்டு தும்மல் தும்மினால் தாதியருக்குத் தொலைபேசி எடுப்பேன். எடுத்துவிட்டு, எடுத்தது சரியா என்று யோசிப்பேன். பூனை விஷயத்திலும் ஏற்கெனவே மானம் போயிருந்தது. வயிற்றில் குட்டி, இன்றோ நாளையோ என்று நான் அடித்துச் சொல்லி, அவசரமாகக் கொண்டுபோன பூனை கடைசியில் யாரோ வீட்டில் வளர்த்த கொழுத்த கடுவன், ஆண் பூனை. வைத்தியர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே அன்று காலை நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

அக்கா கூட்டை மூடியிருந்த துணியை உயர்த்தி டோர்ச் அடித்துப் பார்த்தார். "வயிறு ஒட்டிக் கிடக்கு. குட்டி ஒண்டும் இல்ல. ஏத்து புள்ள."

தூக்கக் குனிந்தேன். பூனை கம்பியில் முதுகைத் தேய்த்து ஒரு பக்கம் சரிந்தது. வயிற்றில் முலைக்காம்புகளைச் சுற்றி மயிர் உதிர்ந்து, சின்னச் சின்ன வட்டமாக, சிவந்து, ஈரமாக இருந்தது.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. இவ பால் குடுக்கிறவ."

"இதுவும் கடுவனோ?" என்றார் அக்கா சிரித்துக்கொண்டு. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். திரும்பவும் டோர்ச் அடித்தார். பூனை உடம்பைச் சுருட்டிக்கொண்டதால் ஒன்றும் தெரியவில்லை.

காருக்குள் எட்டு மாத மகளோடு இருந்த என் கணவர் கண்ணாடியை இறக்கினார். "என்னப்பா, பூனையைப் பிடிச்சாச்சோ, இல்லாட்டி நிண்டு பேட்டி எடுக்கிறியளோ?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "நல்லா யோசி புள்ள. திறந்து விட்டா இவள் இனி இந்தக் கூட்டுப் பக்கம் தலை வச்சும் படுக்கமாட்டாள். வாற வருசம் கரை முழுக்கக் குட்டியா இரிக்கும்."

"குட்டியள் எங்கையும் இருந்தால்?"

"இருந்தா நாளை வரைக்கும் அதுகளுக்குப் பால் இல்ல. இந்தக் குளிருக்க..." அவர் துணியைத் திரும்பவும் கூட்டின் மேல் இழுத்துவிட்டார். "நீதான் கண்ட. நீயே சொல்லு. திறக்கவா, கொண்டு போகவா?"

எந்த வசனத்தையும் 'எண்டு நினைக்கிறன்' என்று முடிப்பது என் பழக்கம். அன்று அது வரவில்லை. "திறவுங்கோ," என்றேன்.

பூனை அம்பு போலப் பாய்ந்தது. இருபது அடி ஓடி ஒரு மரத்தடியில் நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்து, அமர்ந்து, முன்னங்காலை நக்கத் தொடங்கியது. ஐந்து நிமிடம் நக்கியது. பத்து நிமிடம் நக்கியது. குட்டிகள் இருக்கிற தாய் இப்படியா அவசரமில்லாமல் இருக்கும்? கடவுளே, திரும்பவும் பிழை விட்டேனா? கோடை முழுக்கப் பட்ட பாட்டை ஒரு சொல்லில் ஆற்றில் போட்டேனா?

"நாம நிக்கிற வரைக்கும் அசையமாட்டாள். காருக்குள்ள ஏறு," என்றார் அக்கா.

ஏறியதும் மகள் பசியில் வீறிட்டாள். பின் இருக்கையில் அவளை மடியில் போட்டுப் பால் கொடுத்தபடியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குடிக்கத் தொடங்கி ஒரு நிமிடம் இருக்காது, பூனை எழுந்தது. நிலத்தோடு நிலமாக ஊர்ந்து படகுகளுக்கு இடையில் புகுந்தது. இறங்கி ஓட எனக்கு வழியில்லை!

"என்னப்பா, ஓடுங்கோ! நீலப் படகு!"

அவர் வீட்டுச் செருப்போடு இறங்கி ஓடினார். "எந்த நீலம்? இஞ்சை மூண்டு நீலம் கிடக்கு!"

"நடுவிலை இருக்கிற நீலம்! இல்லை இல்லை, அதுக்குப் பக்கத்திலை, வெள்ளை! மூடின சீலை கிழிஞ்சிருக்கிற படகு!"

"கத்தாத புள்ள, முழுத் தீவும் எழும்பப் போகுது," என்று முன் இருக்கையிலிருந்து அக்கா கிசுகிசுத்தார். ஆனால் அவரும் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தார். மகள் திடுக்கிட்டுப் பாலை விட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மீண்டும் பிடித்துக்கொண்டாள்.

என் கணவர் படகின் பக்கத்தில் காதை வைத்தார். உள்ளேயிருந்து பூனை பாய்ந்து ஓடியது. அவர் கிழிந்த சீலைக்குள் தலையை விட்டார். வெகுநேரம் தலை வெளியே வரவில்லை. வந்ததும் எங்களை நோக்கி நான்கு விரல்களை உயர்த்தினார். பிறகு இன்னொரு முறை உள்ளே பார்த்துவிட்டு ஐந்தாவதையும் உயர்த்தினார்.

அக்கா இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டார்.

கண் அப்போதுதான் திறந்த ஐந்து குட்டிகள். அக்கா அவற்றைத் துணியில் சுற்றிக் கம்பிப் பெட்டி ஒன்றில் வைத்து, அந்தப் பெட்டியைக் கூட்டின் பின்பக்கம் ஒட்டி வைத்தார். குட்டிகள் கத்தத் தொடங்கின. டின்மீனுக்கு மாதக்கணக்கில் மசியாத பூனை, சற்று முன்தான் கூட்டிலிருந்து அம்பு போலப் பாய்ந்தோடிய பூனை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே நேராக நடந்து உள்ளே போனது. கதவு விழுந்ததை அது திரும்பியும் பார்க்கவில்லை. அக்கா கூட்டையும் பெட்டியையும் பிரிக்கிற தகட்டை இழுத்ததும் குட்டிகளிடம் போய்ப் படுத்துக்கொண்டது.

வைத்தியரிடம் இன்று வரவில்லை, குட்டிகள் பால் மறந்ததும் கூட்டிவருகிறோம் என்று அக்கா தொலைபேசியில் சொன்னார். "அதுவரைக்கும் எங்க வைக்கிற? என்ட அப்பார்ட்மெண்டில விடமாட்டாங்க."

"எங்கடை பேஸ்மென்டிலை," என்றது என் குரல்.

"ஆறு பூனையோ?" என்றார் கணவர்.

"ஓம். ஆறு."

பாலத்தில் ஏறும்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படிக்குக் கதவு இல்லை, மகள் தவழுகிறாள், கீழே சூடு போதுமா, பூனை சாப்பிடாவிட்டால் என்ன செய்வது? கேள்விகள் வரிசையில் நின்றன. நின்றாலும் சிரித்த வாய் காது வரை போய்த் திரும்பி வர மறுத்தது. பின்னால் இருந்த பெட்டியின் துணியைச் சற்று விலக்கிப் பார்த்தேன்; ஐந்து குட்டிகளும் தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. கணவர் வழமையான வேகத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"மெல்ல ஓட்டுங்கோ," என்றேன். "குடிக்கினம்."