முதலாளி வீட்டுப் பிள்ளை

ஞானசம்பந்தன் சேலை கட்டி அவர் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷமாக, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது சேலையைத் தன் உடம்பில் போட்டுக் காட்டுகிற மனிதர் அவர். திருநெல்வேலி டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு விற்பனையாளர். பேண்ட் சட்டைக்கு மேலேயே கொசுவத்தை இடுப்பில் செருகி, முந்தியை இடது தோளில் வீசி, மடிப்பை நீவிக்கொண்டே “உங்க நிறத்துக்கு இது எடுப்பா இருக்கும்க்கா” என்று அவர் சொன்னால், வாங்க வந்தவள் அவர் மீசையை மறந்துவிடுவாள். சேலை மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரியும். அந்தச் சாமர்த்தியத்தைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் தச்சநல்லூர் பஸ் ஏறுவார். வீட்டில் அவர் பனியனோடு உட்கார்ந்து செய்தி பார்க்கும் சாதாரண அப்பா.

கொரோனா இரண்டாம் அலை வந்த அந்தக் கோடையில் கடையே வீட்டுக்கு வந்துவிட்டது. ஊரைப் பூட்டினார்களே தவிர, கல்யாணங்களை யாரும் பூட்டவில்லை. ஐம்பது பேரை வைத்து நடந்துகொண்டுதான் இருந்தன. ஐம்பது பேர்தான் என்றாலும் பெண்ணுக்குப் பட்டு வேண்டுமே. முதலாளிமார் கூடிப் பேசி, ஊரடங்குக்கு முந்தின நாள், மூத்த விற்பனையாளர்கள் வீட்டில் ஆளுக்கு ஆறு மூட்டைச் சேலையை இறக்கிவிட்டார்கள். வாடிக்கையாளர் வீடியோவில் கூப்பிடுவார்கள். இவர் காட்ட வேண்டும். பிடித்ததைக் கட்டி வைத்தால் அனுமதிச் சீட்டு ஒட்டிய வேன் வந்து எடுத்துக்கொண்டு போகும்.

முன்னறையில் இருந்த டிவியும் கட்டிலும் சுவரோரம் ஒதுங்கின. நடுவில் ஜமுக்காளம் விரிந்தது. ஸ்டூல் மேல் அரிசி டப்பா, அதில் சாய்த்துக் கடைக்காரர்கள் கொடுத்த போன். கபசுரக் குடிநீர் டம்ளரோடு அந்த அறையைக் கடக்க வேண்டும் என்றால் அவர் மனைவி பிரம்மநாயகி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போக வேண்டும்.

முதல் நாள் அவர் இடுப்பில் கொசுவம் ஏறியதைப் பார்த்து பிரம்மநாயகிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“ஏங்க, எனக்கே இம்புட்டு நேர்த்தியாக் கட்டத் தெரியாது. இத்தன வருசம் சொல்லவே இல்லயே நீங்க.”

“சும்மா இரு நாயகி, லைன்ல ஆள் இருக்காங்க” என்றார் அவர். காதெல்லாம் சிவந்துவிட்டது. என்றாலும் அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அடுப்படி வாசலில் நின்று பார்த்த மகள் சித்ரலேகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு கூசியது. பிளஸ் டூ பரீட்சை வருமா வராதா என்று யாருக்கும் தெரியாத அந்த நாட்களில் அவளுக்கு அதைவிடப் பெரிய கவலையாக இது வந்து சேர்ந்தது. பதினேழு வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பாவைக் கண்டால் கொஞ்சம் கூச்சம் உண்டு, அது வயசு ஏற ஏறத் தானாகப் போய்விடும். சித்ராவுக்கு இருந்தது அந்தக் கூச்சம் இல்லை. பிளஸ் ஒன் முதல் நாள், அப்பா என்ன செய்கிறார் என்று வகுப்பில் வரிசையாகக் கேட்டபோது இவள், “டெக்ஸ்டைல் பிசினஸ்” என்று சொல்லி வைத்திருந்தாள்.

அந்தப் பாதி உண்மையை அவள் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏரல் பக்கம் நஞ்சை வைத்திருந்த குடும்பம் அது. நிலம் கைவிட்டுப் போன பிறகு பெரியப்பா பேங்குக்குப் போனார், சித்தப்பா காலேஜில் வாத்தியார் ஆனார். இவர் ஒருவர்தான் கடைக்குப் போனவர். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் இவரை “தம்பி ஜவுளியில இருக்கான்” என்று அறிமுகம் செய்வார்கள். ‘கடையில் நிற்கிறான்’ என்று ஒருத்தர் வாயிலும் வராது. பத்து வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு எதைச் சொல்லும்? இருந்தாலும் சொன்னது அவள்தான்.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் பிரம்மநாயகி தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்து காய்ச்சலில் படுத்துவிட்டாள். பட்டுச் சேலையை முழுசாக விரித்துக் காட்ட இரண்டு ஆள் வேண்டும். அதுவரை மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான்.

“எம்மா சித்ரா, செத்த நேரம் வந்து பிடி. பழைய கஸ்டமரு. மகளுக்குக் கல்யாணம். பாளையங்கோட்டை டீச்சர்” என்றார் ஞானசம்பந்தன்.

பாளையங்கோட்டையில் டீச்சருக்கா பஞ்சம்? சித்ரா ஒன்றும் யோசிக்காமல் போய் முனையைப் பிடித்தாள். போனில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். சர்ச்சில் கல்யாணத்துக்குக் கட்ட ஆஃப் வொயிட்டில் அகல ஜரிகை வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஞானசம்பந்தன் ஒரு சேலையைத் தோளில் போட்டு, பைய ஒரு சுற்றுச் சுற்றி, முந்தியைக் கையில் ஏந்தி, “வெளிச்சத்துல பாருங்க டீச்சர், ஜரிகை கண்ணாடி மாதிரி மின்னுது” என்றார்.

“பெர்லின், இங்கன வா. அக்காவுக்கு இது நல்லா இருக்கான்னு பாரு” என்று அந்த அம்மாள் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

பெர்லின் வந்து எட்டிப் பார்த்தாள். சித்ராவின் பக்கத்து பெஞ்சு. பள்ளிக்கூடம் திறந்திருந்த நாளெல்லாம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள்.

“ஏட்டி சித்ரா? நீ எங்கட்டி அங்கன நிக்க?”

யோசிக்க நேரம் கிடைத்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. நேரம் கிடைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

“எங்க கடை ஸ்டாக்குதாம்ட்டி. அண்ணாச்சி வீட்டுல வச்சிருக்கு. சும்மா பாக்க வந்தேன்.” சொல்லிவிட்டு அதோடு நிறுத்தினாளா என்றால் இல்லை. அப்பாவைப் பார்த்துத் திரும்பி, “அண்ணாச்சி, அந்த நீலத்தையும் எடுத்துக் காட்டுங்க” என்றாள்.

ஞானசம்பந்தனின் கை ஒரு நொடி நின்றது. ஒரே ஒரு நொடிதான். பிறகு அவர் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து, துண்டால் தட்டி, அவளுக்குப் பின்னால் போட்டார்.

“நீங்க உக்காருங்க பாப்பா” என்றார். போனைப் பார்த்து, “முதலாளி வீட்டுப் பிள்ள, டீச்சர். கலர் பாக்கதுல கெட்டி” என்றார்.

அண்ணன் தம்பி ஐந்து பேர் நடத்துகிற கடை. எந்த முதலாளிக்கு எந்தப் பிள்ளை என்று வாடிக்கையாளருக்கு எங்கே தெரியப் போகிறது? பெர்லினின் அம்மா கிரேஸ் டீச்சர் அப்படியே நம்பினார். “பெர்லின் சொல்லியிருக்கா, உங்க அப்பா ஜவுளி பிசினஸ்னு. எந்தக் கடைன்னு தெரியாமப் போச்சு” என்று சித்ராவைப் பார்த்துச் சிரித்தார். சித்ரா உட்கார்ந்துவிட்டாள். அப்பா தனியாளாக ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை விரித்து, நீலத்தைக் காட்டினார். சோளம் வறுக்கிற சட்டியின் மேல் உட்கார்ந்தது மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனால் எழுந்திருக்கவில்லை.

போனை வைத்த பிறகு இருவரும் எதிரெதிரே நின்று சேலைகளை மடித்தார்கள். அப்பா திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் அழுதுவிடலாம், அழுதால் முடிந்துவிடும்.

“அந்தப் பிள்ள உங்கூடப் படிக்கா?” என்றார் அவர்.

“ஆமாப்பா.”

“அவங்க மறுக்கா கூப்பிடுவாங்க. இன்னும் ஏழெட்டுச் சேல எடுக்கணும்லா. எந்த முதலாளி பிள்ளன்னு கேட்டா நான் யாரச் சொல்ல? நீ என்ன சொல்லி வச்சிருக்கேன்னு சொல்லிட்டா, நான் மாத்திச் சொல்லிர மாட்டேன்.”

சித்ரா முதலாளிகளில் மூத்தவர் பேரைச் சொன்னாள். அவர் சரியென்று தலையாட்டினார். அதை மனப்பாடம் செய்கிறவர் மாதிரி உதடு ஒருமுறை அசைந்தது.

உள்ளறையில் படுத்திருந்த பிரம்மநாயகிக்குக் காய்ச்சலே தவிர காது நன்றாகக் கேட்கும். எழுந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். “ஏட்டி, அந்த மனுசன் நின்ன கால்ல நின்னுதான் உனக்குச் சோறு போடுதாரு. நெஞ்சுல ஈரம் இருக்கா உனக்கு?”

“விடு நாயகி. சேக்காளிக முன்னால பிள்ளைக்கு ஒரு கூச்சம் இருக்கும்லா” என்றார் அவர்.

கூச்சம் என்று அவர் பேர் வைத்துவிட்டார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை. பிரம்மநாயகி மட்டும் நான்கு நாள் மகளோடு பேசாமல் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

கிரேஸ் டீச்சர் மறுபடி கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டு அத்தைகளுக்கு, சித்திகளுக்கு, பிறகு பெர்லினுக்கு என்று மூன்று வாரத்தில் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் பெர்லின், “சித்ரா வந்திருக்காளா அண்ணாச்சி?” என்று கேட்பாள். இவள் வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். அப்பா “வாங்க பாப்பா” என்பார். அந்த நடிப்பில் ஒரு பிசிறு கிடையாது. தன் கடையில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வந்தால் எப்படி ஒதுங்கி நிற்பாரோ அப்படியே தன் வீட்டில் தன் மகளுக்கு ஒதுங்கி நின்றார். அதைப் பார்க்கிறபோதுதான் கடையில் அவர் எப்படி நிற்பார் என்பதே சித்ராவுக்குத் தெரிந்தது. வெட்கம் இப்போது இடம் மாறிவிட்டது. முன்பு அவரைப் பார்த்து வந்தது, இப்போது அவளைப் பார்த்தே வந்தது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் குளிக்கும்போது நினைப்பாள். தலை துவட்டுவதற்குள் தைரியம் வடிந்துவிடும்.

கடைசி அழைப்பு ஜூன் முடிகிற சமயத்தில் வந்தது. வேலை முடிகிற நேரம், டீச்சர் சாவகாசமாக இருந்தார்.

“இத்தன வருசமா உங்ககிட்டதான் எடுக்கேன். உங்க வீட்டப் பத்திக் கேட்டதே இல்ல பாருங்க. எத்தன பிள்ளைங்க அண்ணாச்சி?”

“ஒரே மக, டீச்சர். பிளஸ் டூ” என்றார் ஞானசம்பந்தன். பெர்லினுக்கான பச்சைச் சேலை தோளில் கிடந்தது.

“பேரு?”

“விஜயஸ்ரீ” என்றார் அவர். எங்கிருந்து பிடித்தாரோ. “எங்கிட்ட ரொம்ப ஒட்டுதல் டீச்சர். தீபாவளி சமயத்துல வீடு போய்ச் சேரும்போது காலு வீங்கிக் கெடக்கும். வெந்நீர்ல உப்புப் போட்டு வச்சிட்டு வாசல்லயே நிக்கும். என் காலை அதுதான் தூக்கி வாளியில வைக்கும்.”

வெந்நீர் வைத்தது உண்மை. ஏழாவது, எட்டாவது படிக்கும் வரை வைத்தாள். பிறகு அவள் விட்டுவிட்டாள், அவர்தான் அதை மனசிலிருந்து விடவில்லை போலிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து அந்த விஜயஸ்ரீயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த சித்ராவுக்குப் பொறாமை வந்தது. இல்லாத ஒரு பெண்ணின் மேல் பொறாமை.

“பொம்பளப் பிள்ளன்னா அப்படி இருக்கணும். கேட்டியா பெர்லின்? கூப்பிடுங்க அண்ணாச்சி, நாங்களும் பாக்கோம்” என்றார் டீச்சர்.

“அது... உள்ள...” என்றார் அவர்.

சித்ரா எழுந்தாள். “ஆன்ட்டி, அது நாந்தான்.”

“என்னட்டி சொல்லுத?” என்றாள் பெர்லின்.

“இவங்க எங்க அப்பா.”

ஞானசம்பந்தன் அவசரமாக முன்னால் வந்து, மகளைத் தோளால் மறைத்துக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நாந்தான் பிள்ளைய அப்படிச் சொல்லச் சொன்னேன். வீட்டுல வச்சு வியாபாரம்னா கஸ்டமருக்கு ஒரு மதிப்பு இருக்காதோன்னு... தப்பு எம்பேர்லதான். மன்னிச்சிருங்க.”

இருபத்தாறு வருஷத்தில் கலப்புப் பட்டைச் சுத்தப் பட்டு என்று ஒருத்தருக்கும் சொல்லாத மனிதர். டீச்சர் அவரை முதல் தடவையாகச் சந்தேகத்தோடு பார்த்ததைச் சித்ரா அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். இப்போது அவள் சும்மா இருந்தால் போதும். விஷயம் அவர் தலையில் இறங்கி அங்கேயே முடிந்துவிடும்.

“இல்ல ஆன்ட்டி” என்றாள். “அப்பா ஒண்ணும் சொல்லித் தரல. நானாத்தான் சொன்னேன். இவங்க எங்க அப்பான்னு சொல்ல எனக்கு வெட்கமா இருந்துச்சு.”

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை. வெட்கம் என்ற அந்த வார்த்தை இத்தனை நாளாக வீட்டுக்குள் வராதபடி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். அதை அவர் முகத்துக்கு நேரே, அவருடைய வாடிக்கையாளர் முன்னால் வைத்தே அவள் சொல்லிவிட்டாள்.

ஞானசம்பந்தன் தோளில் கிடந்த முந்தியை எடுத்தார். இடுப்பில் செருகியிருந்த கொசுவத்தையும் உருவினார். பார்க்கிறவர் போதும் என்று சொல்வதற்கு முன்னால் அவர் ஒரு சேலையைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

“லைன் சரியாக் கேக்கல டீச்சர். பொறவு கூப்பிடுதேன்” என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, மகள் பக்கம் திரும்பாமல், பச்சைச் சேலையை மடிக்க ஆரம்பித்தார்.