பாண் வாசம்

ஸ்ட்ரெதம் பேக்கரியில் வாங்கிய பாணை, சூடு ஆறாமலிருக்கக் கறுப்புக் கோட்டுக்குள் அணைத்தபடி தினமும் காலையில் ஒரு முதியவர் வருவார். நான் தாதியாக வேலை செய்யும் வார்ட்டில் அவருடைய மனைவி படுத்திருந்தார். அந்த அம்மாவால் எதையும் விழுங்க முடியாது. கணவர் பாணைப் பிய்த்து மனைவியின் மூக்கருகே பிடிப்பார்.

"ஐயா, அவவுக்குச் சாப்பிட ஏலாது" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"தெரியும் பிள்ளை. எல்லாம் அணு எண்டு கிரேக்கத்தில அந்தக் காலத்திலேயே சொன்னவங்கள். வாசமும் அணுதான். துளியெண்டாலும் உள்ளுக்குப் போகும்."

ஒருநாள் மனைவிக்கு ஒக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தோம். வாயோடு மூக்கும் மூடியிருந்தது. பாணைப் பிய்த்தவர் என்னைப் பார்த்தார்.

"இனி எதுக்குள்ளால போகும், பிள்ளை?"

மாஸ்க்கைக் கழற்ற என்னால் முடியாது. பாண் அவர் கையிலேயே ஆறிப்போயிற்று.