கொடி பறந்த பக்கம்

அந்த மூன்று பாய்மரங்களையும் உடைத்தது நான்தான். வருகிறவர்களிடம் பூனை தள்ளிவிட்டது என்று என் மனைவி சொல்லிச் சமாளித்தாள். எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

மகள் கப்பல் வேலைக்குக் கிளம்பிய அன்று நடந்தது அது. கல்லூரி விடுமுறைகளில் உட்கார்ந்து அவள் ஒரு மரக் கப்பல் செய்துகொண்டிருந்தாள். முழ நீளம். பாய் கட்டுவது மட்டும்தான் பாக்கி. போகாதே என்று நான் கத்த, போவேன் என்று அவள் சொல்ல, மேசையில் இருந்ததை ஒரே தள்ளு தள்ளினேன். அடிப்பாகம் ஒரு கீறலோடு தப்பியது. பாய்மரங்கள் மூன்றும் முருங்கைக் குச்சி மாதிரி ஒடிந்தன. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விமான நிலையத்துக்கு நான் போகவில்லை.

ஏழு மாதம் பேசவில்லை. அம்மாவுக்குத்தான் போன் வரும். 'அப்பா எங்கம்மா?' என்ற குரல் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவேன். மேலூர்ப் பக்கம் வயல் வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. கண்மாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரை நம்பிப் பிழைத்தவர் எங்கள் சொந்தத்தில் இல்லை. எனக்கு இருந்தது பயம். அதைக் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பத்து நாளில் மகள் லீவுக்கு வருகிறாள் என்று மனைவி சொன்னதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் என்னோடு பேசுவாளா? பேசாமல் அறைக்குள் போய்விட்டால்? கட்டிலுக்கு அடியில் கிடந்த கப்பலையும் அதோடு இருந்த அவளுடைய வரைபடத்தையும் வெளியே எடுத்தேன். அவள் வாசலில் கால் வைக்கும்போது மூன்று மரமும் நிற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

மரக்கடையில் மெல்லிய தேக்குச் சட்டம் கேட்டேன்.

“எத்தனை கதவுக்குண்ணே?”

“கதவுக்கு இல்ல. கப்பலுக்கு.”

“மதுரையிலயா?” என்று கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு அறுத்துக் கொடுத்தார்.

பாய்மரம் அடியில் தடித்து, உச்சிக்குப் போகப் போக மெலிய வேண்டும். கையால் தேய்த்தால் ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது. அடுத்த வீட்டு எலெக்ட்ரீஷியனிடம் டிரில்லிங் மிஷினை வாங்கி, குச்சியை அதன் வாயில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளால் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இழைந்தது. எனக்குத்தான் பொறுமை இல்லை. அழுத்தி அழுத்தி நாலு குச்சியை முறித்த பிறகுதான் மூன்று தேறின. முப்பது வருடம் அரசு பஸ்ஸில் ஓட்டுநர் சீட்டை விட்டு அசையாமல் இருந்தவன், இப்போது மரத்தை நிறுத்தும் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டதும் எழுந்து வாசலுக்குப் போனேன். ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் இன்னொன்று தொய்ந்தது. அதை இழுத்தால் மரமே சாய்ந்தது. அத்தனையையும் மறுபடி தூக்கி எறிந்துவிடுவேனோ என்று என் கையைப் பார்த்து நானே பயந்தேன்.

பாய்க்கு என் பழைய வேட்டி. பழுப்பு நிறம் ஏற டீ டிகாஷனில் நனைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு மாட்டினேன். விறைப்பாக நின்றது. பெருமையாக மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள்.

“இது என்ன கடைக்கு வச்ச போர்டா? காத்தடிச்சா வயிறு தள்ள வேணாமா? டார்ட் பிடிக்கணும்ங்க.”

ஜாக்கெட்டுக்குப் பிடிப்பது போல ஓரத்தில் இரண்டு இடத்தில் துணியை மடித்து டார்ட் பிடித்துத் தைத்தாள். துணி காற்றைக் குடித்தது போல உப்பியது. எனக்கு ஒரே சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும்கூட. அவள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால் என் பங்கு என்ன? வரைபடத்தில் கொடி கிடையாது. நானாகச் சிவப்புத் துணி வெட்டி மூன்று உச்சியிலும் ஒட்டினேன்.

மகள் வந்தாள். நான் கப்பலை அதே மேசையில் வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று குடித்த டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு.

“அப்பா, இங்க வாங்க. கப்பலு முன்னால போகுதா, பின்னால போகுதா?”

“முன்னாலதான்.” ஏழு மாதத்தில் நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“பாயி முன்பக்கமா உப்பியிருக்கு. அப்ப காத்து பின்னால இருந்து வருது. கொடி மட்டும் எதுக்குப் பின்னால பறக்குது?”

“வண்டி போனா கொடி பின்னாலதான பறக்கும்? அழகர்கோவிலுக்கு எம்புட்டு ஸ்பெஷல் பஸ் ஓட்டியிருக்கேன்!”

“பஸ்ஸு காத்தை முட்டிக்கிட்டுப் போகுதுப்பா. இதைக் காத்துதான் தள்ளிட்டுப் போகுது. கொடியும் முன்னாலதான் பறக்கணும்.”

உடனே பிய்த்தெடுக்கக் கை போனது. அவள் பாய்மரம் ஒடியாமல் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு கொடியாகத் திருப்பி ஒட்டினேன்.

“ஒடச்சது நான்தான் ஆத்தா.”

“எனக்குத் தெரியாதா? பக்கத்துலதான நின்னேன்.”

“பயந்துட்டேன்.”

“நானும்தான். கப்பல்ல மொத வாரம் பூரா வாந்தி. அம்மாட்ட சொன்னா அழுவாங்க. உங்ககிட்டச் சொல்லலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் அப்பா எங்கன்னு கேட்டேன்.”

அவள் கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் தெருவில் நின்றிருந்தேன். பசை காயும் வரை கொடியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

லீவு முடிந்து அவள் கிளம்பியபோது விமான நிலையத்துக்குப் போனேன். அன்றைக்கும் பயம்தான், துளியும் குறையவில்லை. “போய்ட்டு வாரேன்ப்பா” என்று உள்ளே நடந்தாள். போகாதே என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, “போ ஆத்தா, போ” என்றேன்.