சாம்பல் நிறக் கறுப்பன்

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற சாம்பல் நிற பூடில் நாயை உள்ளே தூக்கி வந்தேன். வாட்ஸ்அப்பில் தகவல் போட்டுவிட்டு, யாரும் தேடி வந்துவிடக் கூடாதே என்று தவித்தேன். மூன்றே நாளில் மனம் அதோடு ஒட்டிக்கொண்டது.

நான்காம் நாள் கிள்ளானிலிருந்து ஒருவர் போன் செய்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். "அக்கா, அது என் கறுப்பன்," என்றார். கைப்பேசியில் அவர் காட்டிய படத்தில் இருந்தது கரிக்கட்டை மாதிரி ஒரு குட்டி.

"இது சாம்பல் கலரு. உங்க நாயி இல்ல."

"அது குட்டியில எடுத்தது லா, அக்கா. ஒரே ஒரு தடவ காட்டுங்க."

நான் காட்டவில்லை. கேட்டைச் சாத்திவிட்டேன்.

மறுநாள் நாய்க்கு முடி வெட்டக் கொண்டுபோனபோது கடைக்காரப் பெண் சொன்னாள்: "சில்வர் பூடில் பிறக்கும்போது கறுப்புதான் லா, அக்கா. வளர வளர வெளுத்திடும்."

காரில் ஏறியதும் மெதுவாக, "கறுப்பா" என்று கூப்பிட்டேன். மடியில் பாய்ந்து என் முகமெல்லாம் நக்கியது. அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன்.

வந்தவர் திட்டவில்லை. "நல்லா பார்த்துக்கிட்டீங்க, அது போதும்க்கா," என்று அதை வாரி அணைத்துக்கொண்டார்.

நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டதாகத்தான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். அது பொய். அன்று கேட்டில் அவர் குரல் கேட்டதுமே, அது உள்ளே கதவைப் பிறாண்டி அழுதது. நான் உள்ளே போய் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு வந்துதான், "உங்க நாயி இல்ல" என்றேன்.