நான் காப்பி செய்தது வெறும் ஷார்ட்கட்

ஆவடி ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். கம்ப்யூட்டரில் சி டிரைவ் நிரம்பிவிட்டதால், டி டிரைவை அழித்து அந்த இடத்தைச் சேர்த்துக்கொள்ள நினைத்தேன். முன்ஜாக்கிரதையாக, மறைந்த மனைவியின் படங்கள் இருந்த ஃபோல்டரை டெஸ்க்டாப்பிலிருந்து பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். டியை அழித்த பிறகு பென்டிரைவில் அதைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. நான் எடுத்தது ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டும் வெறும் ஷார்ட்கட். படங்கள் டியில்தான் இருந்திருக்கின்றன.

உடனே கம்ப்யூட்டரை அணைத்து, அம்பத்தூரில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அதுக்கப்பறம் புச்சா எதுனா ஏத்துனியா சார்?" என்றார் கடைக்காரர்.

"இல்லை."

"அப்போ உள்ளதான் கீது. பயப்படாத."

மாலைக்குள் படங்கள் திரும்பின. "இன்னொரு காப்பி எடுத்து வேற யார் ஊட்லயாவது குட்து வெச்சுடு சார்," என்றார்.

ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன். கொடுத்து வைக்க ஒரு வீடும் நினைவுக்கு வரவில்லை.

இப்போது எதை அழிக்கும் முன்பும் காப்பியைத் திறந்து பார்த்துவிடுகிறேன். அந்த இன்னொரு காப்பி, அவர் கடை டிராயரில் இருக்கிறது.